ஆழம் தெரியாத கோர் வெறும் ஜல்லி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பக்கத்தில் கீவொர்த் என்ற ஊரில் இருக்கும் தேசிய நிலவியல் களஞ்சியம் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் தண்ணீருக்கும் சுரங்கத்துக்கும் போட்ட துளைகளிலிருந்து எடுத்த பாறைத் தண்டுகளைப் பிரிட்டிஷ் ஜியாலஜிகல் சர்வே அங்கே சேர்த்து வைத்திருக்கிறது. தொழிலில் இவற்றுக்கு 'கோர்' என்று பெயர். மொத்த நீளம் சுமார் 600 கி.மீ. அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

எங்கள் ஊரில் போர்வெல் போட்டால் தூளும் சேறும்தான் வெளியே வருகிறது. கல் எப்படி முழுத் தண்டாக வரும்?
(ஒரு வாசகர், திருச்செங்கோடு)

ரிக் வண்டிகள் நிறைந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள், உங்களுக்கு இது எளிதில் புரியும். போர்வெல்லில் துளைக்குள் இறங்கும் ஹேமர், பாறையை அடித்து நொறுக்கும். கம்ப்ரஸர் காற்று அந்தத் தூளை மேலே ஊதித் தள்ளும். துளைதான் வேண்டும், கல் என்ன ஆனாலும் கவலை இல்லை.

கோர் எடுப்பதில் கணக்கு தலைகீழ். துளைக்கும் முனையான பிட் ஒரு வளையம். அதன் விளிம்பில் வைரத் துகள் பதித்திருக்கும். அது அடிப்பதில்லை, தண்ணீர் ஓடச் சுழன்று அறுக்கும். நடுவில் அறுபடாமல் நிற்கும் தண்டு மேலே உள்ள குழாய்க்குள் ஏறிக்கொள்ளும். குழாய் நிறைந்ததும் கம்பிக் கயிற்றை இறக்கி உள் குழாயை மட்டும் இழுப்பார்கள். அடியில் இருக்கும் ஸ்பிரிங் வளையம் தண்டைக் கவ்வி முறித்துக் கொண்டுவரும். சுரங்க ஆய்வுத் துளைகளில் ஒரு இழுப்புக்குப் பெரும்பாலும் 3 மீட்டர்.

தண்டின் விட்டத்துக்கு நிலையான அளவுகள் உண்டு: என்.க்யூ. 47.6 மி.மீ., ஹெச்.க்யூ. 63.5 மி.மீ., பி.க்யூ. 85 மி.மீ. கிரானைட் போன்ற பாறையில் என்.க்யூ. மீட்டருக்கு 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஹெச்.க்யூ. எட்டரைக் கிலோ, பி.க்யூ. 15 கிலோவைத் தாண்டும். இந்த எடை கீழே அடிக்கடி வரும்.

உங்கள் போர்வெல் தூளுக்கும் களஞ்சியங்களில் இடம் உண்டு. கழுவி, உலர்த்தி, ஆழம் எழுதிய பொட்டலங்களாக வைப்பார்கள். ஆனால் தூள் மேலே வந்து சேர நேரமாகும், வழியில் துளைச் சுவரிலிருந்து உதிர்ந்ததும் கலந்துவிடும். அதனால் அதன் ஆழம் தோராயம்தான்.

ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை எழுதியாகிவிட்டது. அப்புறமும் கல்லை எதற்குக் கட்டிக் காக்க வேண்டும்?
(வரித்துறை ஊழியர், மதுரை)

அறிக்கையில் இருப்பது அன்று கேட்ட கேள்விக்கான பதில் மட்டும். தாமிரம் தேடியவர் லித்தியத்தைச் சோதித்திருக்க மாட்டார். எண்ணெய் தேடியவர் விண்கல்லை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

விண்கல் சும்மா சொன்னதல்ல. மெக்சிகோவின் யுகடான் பகுதியில் அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸ் 1950களிலிருந்து துளையிட்டது. எண்ணெய் வரவில்லை. கிடைத்த வினோதமான பாறையை எரிமலைப் பாறை என்று எழுதி வைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, டைனோசர்களை அழித்த விண்கல் அங்கேதான் விழுந்தது என்ற சந்தேகம் வந்தபோது அந்தக் கல்லைத் தேடி அலைந்தார்கள். கடைசியில் நியூ ஆர்லியன்ஸில் கிடந்த மாதிரிகள் 1990-இல் கைக்கு வந்தன. பேரதிர்ச்சியில் மட்டுமே உண்டாகும் கோடுகள் அவற்றின் குவார்ட்ஸ் மணிகளில் இருந்தன. சிக்சுலுப் பள்ளத்துக்கு அதுவே சாட்சி ஆயிற்று. பள்ளத்தின் கடல் பகுதியில் ஒரு ஆய்வுத் துளை போட 2016 வரை ஆனது.

எதிர்ப்பக்கக் கதை கனடாவின் பிரீ-எக்ஸ் நிறுவனம். இந்தோனேசியாவின் புசாங்கில் தங்கம் குவிந்து கிடக்கிறது என்றார்கள், பங்கு விலை எங்கோ போனது. தொழிலில் வழக்கம், தண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறு பாதியைப் பெட்டியில் வைப்பது. அவர்கள் தண்டு முழுவதையும் நொறுக்கி அனுப்பினார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பெட்டியில் எதுவும் மிஞ்சவில்லை. வேறொரு நிறுவனம் பக்கத்திலேயே துளையிட்டுப் பார்த்தபோது தங்கம் இல்லை. மாதிரியில் வெளித் தங்கம் தூவியிருந்தது 1997-இல் அம்பலமானது. உங்கள் துறை மொழியில் சொன்னால், மறு பாதிதான் வவுச்சர்.

பிரிட்டனில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1926-ஆம் ஆண்டின் சுரங்கத் தொழில் சட்டப்படி, கனிமம் தேடி 100 அடிக்கு மேல் துளையிடுபவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், எடுத்த கோரைக் குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும், சர்வே அதிகாரிகள் வந்தால் பார்க்க விட வேண்டும்.

துளையிலிருந்து வெளியே வந்த தண்டு ரேக்கில் போய் உட்காரும் வரை என்னென்ன செய்கிறார்கள்? வரிசையாகச் சொல்ல முடியுமா?
(நிலவியல் மாணவி, சேலம்)

முதல் மணி நேரத்தில் நடப்பதுதான் பாதி வேலை. அங்கே விட்ட பிழையை எந்தக் கிடங்கும் சரிசெய்யாது.

குழாயிலிருந்து தண்டை மெல்லச் சரித்து, எந்தப் பக்கம் மேல் என்பது மாறாமல் பெட்டியில் வைக்க வேண்டும். புத்தகம் படிப்பது போலத்தான்: மேல் இடது மூலையில் தொடங்கி வலப்பக்கம் போய், அடுத்த வரிசையில் மறுபடி இடமிருந்து. பாம்பு போல வளைத்து வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது பின்னால் வருபவரைக் குழப்பும். ஒவ்வொரு இழுப்பு முடிந்த இடத்திலும் ஆழம் எழுதிய மரக் கட்டையோ பிளாஸ்டிக் கட்டையோ வைப்பார்கள். 3 மீட்டர் துளைத்து 2.7 மீட்டர் தண்டுதான் வந்தது என்றால், காணாமல் போன 30 செ.மீ. எங்கே என்று இன்னொரு கட்டையில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அதற்குக் கீழே உள்ள எல்லா ஆழமும் பொய்.

அடுத்து, உடைந்த முனைகளைப் பொருத்தி, தண்டின் மேல் நீளவாக்கில் கோடு போடுவார்கள். எண்ணெய்த் துளைக் கோரில் இரண்டு கோடு: தண்டின் மேல் முனையை மேலே வைத்துப் பார்த்தால் சிவப்பு வலது பக்கம், கறுப்பு இடது பக்கம். ஒரு துண்டு உருண்டு விழுந்தாலும் எது தலை, எது கால் என்று கோடு சொல்லிவிடும். 10 செ.மீ.-க்கு மேல் நீளமான துண்டுகளைக் கூட்டி இழுப்பு நீளத்தால் வகுத்துப் பாறையின் தரத்தைக் கணக்கிடுவதும் இங்கேயே முடிய வேண்டும். லாரியில் ஏறி இறங்கிய பிறகு பாதி முறிவுகள் லாரி முறித்தவை.

பிறகு போட்டோ. காமிரா நேர் மேலே, ஒரே வெளிச்சம், பக்கத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும். ஒருமுறை உலர்ந்தபடி, ஒருமுறை நனைத்து. நனைத்தால் நிறமும் மணியமைப்பும் தெளியும், உலர்ந்தால் விரிசல் தெரியும். உப்புப் பாறையையும் களிமண் பாறையையும் மட்டும் நனைக்கக் கூடாது.

போட்டோவுக்குப் பின் வைர வட்ட ரம்பத்தில் அறுப்பு. கோட்டுக்கு ஒரே பக்கத்துப் பாதியைத்தான் எப்போதும் சோதனைக்கு எடுக்க வேண்டும். கனிமம் நன்றாகத் தெரியும் பாதியைக் கை தானாகத் தேடும், அங்கேதான் முடிவு கோணலாகும். ரம்பத்தில் தண்ணீர் ஓடாமல் அறுத்தால் சிலிக்கா தூசி நுரையீரலுக்குப் போகும்.

களஞ்சியத்தில் பெட்டியின் இரு முனையிலும் துளை எண், பெட்டி எண், தொடக்க ஆழம், முடிவு ஆழம் எழுதுவார்கள். பெட்டிக்கு ஒரு பார்கோடு, ரேக் தட்டுக்கு ஒரு பார்கோடு. பெட்டி நகரும் ஒவ்வொரு முறையும் இரண்டையும் ஸ்கேன் செய்ய வேண்டும். தப்பான தட்டில் வைத்த பெட்டி காணாமல் போன பெட்டிக்குச் சமம். மார்க்கர் எழுத்து வெயிலில் சில வருடங்களில் வெளுத்துவிடும். அலுமினியத் தகட்டில் அழுத்திப் பொறித்த எழுத்து நிற்கும்.

பெட்டி மரமா, பிளாஸ்டிக்கா, இரும்பா? எது நல்லது?
(ஒரு வாசகர், கோவில்பட்டி)

மரம் மலிவு, கரையானுக்கும் பிடிக்கும். பத்து இருபது வருடத்தில் ஆணி துருப்பிடித்து அடிப்பலகை கழன்றுவிடும். மெழுகு பூசிய அட்டைப் பெட்டி ஒருமுறை நனைந்தால் போதும், அடுக்கு முழுவதும் சரியும். துத்தநாகம் பூசிய இரும்புத் தட்டு உறுதியானது. ஆனால் சல்ஃபைடு (கந்தகம் சேர்ந்த கனிமம்) உள்ள பாறை அமிலம் கசிந்தால் தட்டை அரித்துத் துத்தநாகத்தைக் கல்லில் ஏற்றும். அந்தக் கல்லில் துத்தநாகம் அளந்து பயனில்லை. பிளாஸ்டிக் தட்டு இன்று பரவலாகிவிட்டது. வெயிலில் போட்டால் நொறுங்கும், கூரைக்கு உள்ளே பல காலம் வரும்.

பொருளை விட எடை முக்கியம். ஒரு மீட்டர் நீளத் தட்டில் ஹெச்.க்யூ. தண்டு நான்கு வரிசை வைத்தால் கல் மட்டும் 34 கிலோ. பிரிட்டனின் பணிப் பாதுகாப்புத் துறை, இடுப்பு உயரத்தில் உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குவதற்கே ஆணுக்கு 25, பெண்ணுக்கு 16 கிலோ என்று வழிகாட்டுகிறது. ஆக அந்தத் தட்டுக்கு இரண்டு பேர் வேண்டும், இல்லாவிட்டால் தூக்கும் கருவி வேண்டும். ஆயிரம் மீட்டர் ஹெச்.க்யூ. துளை என்றால் 250 தட்டு, எட்டரை டன் கல். முப்பது தட்டு ஏற்றிய ஒரு பேலட் ஒரு டன்னைத் தாண்டும். ரேக் வாங்குவதற்கு முன் தரை தாங்குமா என்று பாருங்கள். பளுவான பி.க்யூ. கீழ்த் தட்டில், லேசானது மேலே.

எங்கள் கல்லூரி மியூசியத்தில் பொன் நிறப் பைரைட் கல் ஒன்று சாம்பல் தூளாக உதிர்கிறது, லேபிளும் கருகியிருக்கிறது. கோர் கிடங்குகளிலும் இப்படி நடக்குமா?
(ஆய்வக உதவியாளர், சென்னை)

நடக்கும், அங்கேயும் இதுதான் பெரிய தலைவலி. 'பைரைட் நோய்' என்றே சொல்வார்கள். பைரைட் என்பது இரும்பும் கந்தகமும். காற்றின் ஆக்ஸிஜனும் ஈரமும் சேர்ந்தால் அது இரும்பு சல்ஃபேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறும். சல்ஃபேட்டுக்கு இடம் அதிகம் வேண்டும், அதனால் உள்ளிருந்து கல்லை வெடிக்க வைக்கும். அமிலம் லேபிளையும் பெட்டியையும் பக்கத்துக் கல்லையும் தின்னும். நீங்கள் பார்த்த கருகல் அந்த அமிலத்தின் வேலை.

பெரிய கனசதுரப் படிகங்கள் பெரும்பாலும் தப்பிக்கும். கரிய களிமண் பாறையிலும் நிலக்கரியிலும் நுண் மணிகளாகத் திரண்டிருக்கும் பைரைட்தான் சீக்கிரம் கெடும். மார்கசைட், பிர்ரோடைட் இரண்டும் அதே ஜாதி. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் வினை வேகமெடுக்கும். சென்னைக் காற்று வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேல்தான் இருக்கும்.

செய்ய வேண்டியவை: முதலில் அந்தக் கல்லை மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். தண்ணீரில் கழுவவே கூடாது, கழுவினால் நோய்க்குத் தீனி. லேபிளில் இருப்பதை உடனே வேறு தாளில் படியெடுத்து, பழையதைத் தனி உறையில் வையுங்கள். அமிலத்தை முறிக்க, புகைபோக்கி அலமாரிக்குள் அமோனியா ஆவியில் வைப்பது பழைய முறை. வேதியியல் துறையில் தெரிந்தவர் துணையோடுதான் செய்ய வேண்டும், செய்ததைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். இல்லையென்றால் பின்னால் நைட்ரஜன் அளப்பவர் ஏமாறுவார். பிறகு நன்கு உலர்த்தி, ஆக்ஸிஜன் புகாத பல அடுக்குப் படலப் பையில், ஆக்ஸிஜன் உறிஞ்சும் பொட்டலமும் ஈரம் காட்டும் அட்டையும் போட்டு, சூட்டில் ஒட்டி மூடுங்கள். சாதாரண பாலிதீன் பை போதாது, அதன் வழியே ஆக்ஸிஜன் மெல்ல நுழையும். வார்னிஷ் பூசி விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரத்தையும் அமிலத்தையும் சேர்த்துப் பூட்டியதாகிவிடும்.

கிடங்கு முழுவதையும் உலர்த்திக் குளிரவைப்பது செலவு. அதனால் பெரும்பாலான பாறை சாதாரணக் கூரைக்கடியில் இருக்க, நோயாளிகளுக்கு மட்டும் ஈரம் குறைத்த தனி அறை அல்லது பை என்பதே நடைமுறை.

வேறு எந்தக் கற்கள் கெடும்?
(ஒரு வாசகி, காரைக்குடி)

பாறை உப்பு முதலிடம். காற்றில் ஈரம் 75 சதவீதம் ஆனால் அது தானே நீர் கோத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உங்கள் சமையலறை உப்பு ஜாடியைப் பார்த்திருப்பீர்கள். கார்னலைட் என்ற பொட்டாஷ் உப்பு அதற்கும் முன்பே கசியும். இவற்றை வந்த அன்றே பையில் ஒட்டி மூட வேண்டும், அறுத்தாலும் தண்ணீர் விடாமல் அறுக்க வேண்டும்.

களிமண் பாறைக்கு நேர் எதிர்: காய்ந்தால் கெடும். அப்பளக் கட்டு போல வட்ட வட்டமாகப் பிளந்துவிடும். பாறையின் உறுதியையோ உள்ளே உள்ள நீரையோ அளக்கப் போகிறோம் என்றால், ஒட்டும் படலம், அலுமினியத் தாள், அதன் மேல் உருக்கிய மெழுகு என்று மூன்று உறை போடுவார்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். திறந்து வைத்தால் சுருங்கி நொறுங்கும். இறுகாத மணல் ஆடினாலே உதிரும், அதனால் அறுத்த பலகையைத் தட்டிலேயே ரெசின் ஊற்றிப் பிடித்துவைப்பார்கள்.

கடலடிச் சேற்றுக்குக் குளிர் வேண்டும். சர்வதேசக் கடல் துளைத் திட்டத்தின் கோர்கள் ஜெர்மனியில் பிரெமன், அமெரிக்காவில் காலேஜ் ஸ்டேஷன், ஜப்பானில் கோச்சி ஆகிய மூன்று இடங்களில் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கின்றன. குளிர் அறையிலிருந்து எடுத்த பெட்டியை உடனே திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லையென்றால் மேலெல்லாம் வேர்த்து நனையும்.

யுரேனியம் உள்ள கோர் கெடாது, ஆனால் மூடிய அறையில் ரேடான் வாயு சேரும். காற்றோட்டமுள்ள தனிக் கொட்டகையில் வைப்பார்கள்.

எலித் தொல்லை உண்டா?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

கல்லை விட்டுவிட்டு லேபிளைத் தின்னும். அதுதான் மோசம்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் கல் தேவையில்லைதானே?
(மென்பொருள் பொறியாளர், பெங்களூரு)

ஸ்கேன் மிகவும் பயனுள்ளதுதான். கீவொர்த்திலேயே அதற்கென்று தனிக் கூடம் இருக்கிறது. சி.டி. ஸ்கேன் உள் விரிசலைக் காட்டும், எக்ஸ்-கதிர் ஒளிர்வு தனிமங்களைக் காட்டும், வேறொரு கருவி அடர்த்தியும் காந்தத் தன்மையும் அளக்கும். ஆஸ்திரேலியாவில் ஹைலாகர் என்ற கருவி தட்டுத் தட்டாக நகர்த்தி, பாறை எதிரொளிக்கும் ஒளியிலிருந்து கனிமங்களைப் பெயரிடுகிறது. மாநிலக் களஞ்சியங்கள் அந்தத் தரவைத் தேசிய மெய்நிகர் கோர் நூலகத்தில் சேர்க்கின்றன.

ஆனால் ஒளி தொடுவது மேற்பரப்பை மட்டும். மேலே ரம்பச் சேறு காய்ந்திருந்தால் கருவி சேற்றைத்தான் படிக்கும். ஈரமிருந்தால் களிமண் கனிமங்களின் அடையாளம் மறையும். பைரைட் போன்ற ஒளி ஊடுருவாத சல்ஃபைடுகளை அது அநேகமாகப் பார்ப்பதே இல்லை. படத்திலிருந்து ஜிர்கான் என்ற கனிம மணியைப் பொறுக்கிப் பாறையின் வயது கணிக்கவும் முடியாது. ஸ்கேன் நல்ல அட்டவணை. எந்தப் பெட்டியைத் திறப்பது என்று சொல்லும், அதனால் பெட்டிகள் தேவையின்றி அசையாமல் இருக்கும். எங்களைக் கேட்டால் அதன் பெரிய லாபம் அதுதான்.

மாணவர்களுக்கு மாதிரி தருவார்களா? நம் நாட்டில் இப்படிக் கிடங்கு உண்டா?
(முதுகலை மாணவர், திருச்சி)

என்ன சோதனை, எத்தனை கிராம், எந்த ஆழம், ஏன் வேறு துளை போதாது என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும். "எல்லா அடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சம்" என்று கேட்டால் கிடைக்காது. எடுத்த இடத்தில் ஆழமும் தேதியும் எழுதிய அட்டை வைக்கப்படும். நுண்ணோக்கியில் பார்க்கக் கல்லை மெல்லிய தகடாகச் சீவினால் தகட்டையும் சோதனை முடிவையும் திருப்பித் தர வேண்டும், அடுத்தவர் அதே சோதனைக்கு மறுபடி கல்லை வெட்டாமல் இருப்பதற்காக. கடல் கோரில் விதி இன்னும் இறுக்கம்: ஒரு பாதி வேலைக்கு, மறு பாதி காப்புக்கு. காப்புப் பாதியில் எளிதில் கை வைக்க முடியாது.

இந்தியாவில் மகாராஷ்டிராவின் கராடைப் பாருங்கள். 1967 கொய்னா நிலநடுக்கம் நடந்த பகுதியில் புவி அறிவியல் அமைச்சகம் ஒன்பது ஆய்வுத் துளைகள் போட்டது. அந்தக் கோர்கள் கராடில் உள்ள துளைப் புவி இயற்பியல் ஆய்வகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. முதல் துளை 1,522 மீட்டர். அதில் 933 மீட்டர் தக்காண எரிமலைப் பாறை, அதன் அடியில் கிரானைட் வகைப் பாறை.

இடம் நிறைந்துவிட்டால் எதைத் தூக்கி எறிவது?
(நூலகர், புதுச்சேரி)

உங்களுக்குத் தெரியாததா! பலரும் செய்தது, மீட்டருக்கு ஒரு சாண் துண்டு வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டுவது. புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு வரி வைத்துக்கொள்வது போல. அடுக்கு மாறும் இடம், மெல்லிய சாம்பல் படலம், விரிசல் எல்லாம் கொட்டியதோடு போய்விடும். எங்களுக்கு அது சம்மதமில்லை. அதைவிட ஒரே சுரங்கத்தில் 20 மீட்டருக்கு ஒன்றாகப் போட்ட நூறு துளைகளில் பத்தை முழுதாக வைத்து மற்றதை விடலாம். ஆழம் தொலைந்த பெட்டிகள் முதலில் போகட்டும். ஒரு பகுதிக்கென்று இருக்கும் ஒரே துளை, பாறை அடுக்குக்குப் பெயர் வைக்க ஆதாரமான துளை, இனி துளைக்கவே முடியாதபடி மேலே ஊர் எழும்பிவிட்ட இடம், இவற்றை விடக் கூடாது. விட்டதை எல்லாம் போட்டோ எடுத்து, பதிவேட்டில் 'அகற்றப்பட்டது' என்று எழுத வேண்டும். வரியையே அழித்துவிட்டால், இல்லாத பெட்டியை யாராவது ஒரு வாரம் தேடுவார்.

ஒரு தட்டு கைதவறி விழுந்து கல்லெல்லாம் சிதறிவிட்டால்?
(அதே சேலம் மாணவி)

யாரும் எதையும் எடுக்காமல், முதலில் கிடந்தபடியே ஒரு போட்டோ. பிறகு பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்து, கோடுகள் பார்த்து, முறிந்த முனைகளைப் பொருத்திக்கொண்டே வாருங்கள். பெரிய துண்டுகளிலிருந்து தொடங்கினால் சிறியவை இடம் பிடிக்கும். பழைய போட்டோ இல்லையென்றால் துளைக்குள் இறக்கி எடுத்த காமா கதிர் வரைபடம் உதவும். களிமண் அடுக்கில் கதிர் ஏறும், சுத்தமான மணற்கல்லில் இறங்கும், கையடக்கக் கருவியால் துண்டை அளந்து ஒப்பிடலாம். பொருந்தாத துண்டுகளை ஊகித்து வரிசைக்குள் செருகாதீர்கள். தனிப் பையில் போட்டு, "இந்தத் தட்டு, 112 முதல் 116 மீட்டருக்குள், சரியான இடம் தெரியவில்லை" என்பது போல எழுதித் தட்டின் கடைசியில் வையுங்கள். விழுந்த தேதியையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு முன் எடுத்த அளவுகளை நம்பலாம், பின் எடுத்தவற்றைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்று அடுத்தவருக்குத் தெரியும்.